இரண்டே ஆண்டில் லெப்டினென்ட்: அமெரிக்க ராணுவ ஜூனியர் கல்லூரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை இரண்டே ஆண்டில் அமெரிக்கத் தரைப்படையில் செகண்ட் லெப்டினென்ட் ஆக முடியுமா? முடியும். நான்காண்டுப் பட்டம் கையில் இல்லாமலேயே முடியும். கல்லூரியில் படித்துக்கொண்டே அதிகாரிக்கான பயிற்சி பெறும் ஆர்.ஓ.டி.சி. வழியாக இப்படிப் போவதற்கு இடம் தருபவை நாடு முழுவதற்கும் நான்கே கல்லூரிகள். இரண்டாண்டுப் படிப்பு தரும் அவற்றை ராணுவ ஜூனியர் கல்லூரிகள் என்கிறார்கள்.

இந்தியாவின் முறையை அறிந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் மூன்றாண்டு படித்து, ஜே.என்.யூ. பட்டம் வாங்கி, பிறகு டேராடூனில் ஓராண்டுப் பயிற்சியும் முடித்த பின்தான் ஒருவர் தரைப்படையில் கமிஷன், அதாவது அதிகாரிப் பதவி, பெறுகிறார். இங்கே கமிஷன் முதலில், பட்டம் பிறகு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் ‘பிறகு’ என்ன விலை கேட்கிறது என்பதைப் புரிந்துகொண்டுதான் விண்ணப்பப் படிவத்தைத் தொட வேண்டும். அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கல்லூரி நல்லது என்றுதான் தொடங்குகிறார்கள். அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, இரண்டாம் ஆண்டின் முடிவில் பிள்ளை எங்கே நிற்க வேண்டும் என்பது.

படி 1: எந்த வாசல் என்று முதலில் முடிவெடுங்கள்

ஒரே வளாகம், ஒரே சீருடை, ஒரே அணிவகுப்பு. ஆனால் உள்ளே இருப்பவை மூன்று தனித்தனிப் பாதைகள்.

முதல் பாதை, முன்கூட்டிய கமிஷன் திட்டம். இ.சி.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இரண்டு ஆண்டில் அசோசியேட் பட்டமும் (இளநிலைக்கு ஒரு படி கீழே) தரைப்படைக் கமிஷனும் கிடைக்கும். கமிஷன் ரிசர்வ் படையிலோ தேசியக் காவல்படையிலோதான், முழுநேரப் பணியில் இல்லை. பிறகு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் இளநிலைப் பட்டத்தை முடிக்க வேண்டும்.

இரண்டாவது, அகாடமி ஆயத்த ஆண்டு. வெஸ்ட் பாயின்ட் தரைப்படை அகாடமி, அனாபொலிஸ் கடற்படை அகாடமி, கொலராடோ ஸ்பிரிங்ஸ் விமானப்படை அகாடமி போன்றவற்றில் முதல் முயற்சியில் இடம் கிடைக்காதவர்கள் ஓராண்டு இங்கே படித்து, மதிப்பெண்ணையும் உடல் தகுதியையும் உயர்த்திக்கொண்டு மறுபடி விண்ணப்பிக்கிறார்கள்.

மூன்றாவது, ராணுவக் கடமை எதுவும் ஏற்காமல் கேடட்டாக இருந்து, அசோசியேட் பட்டம் வாங்கி, நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிப் போவது. சீருடை போட்ட ஒவ்வொரு பிள்ளையும் ராணுவத்துக்குப் போயாக வேண்டும் என்று நினைத்துப் பல பெற்றோர் பயப்படுகிறார்கள். தேவையே இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவரை எந்தக் கடமையும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இ.சி.பி. தரைப்படைக்கு மட்டும் உரியது. விமானியாக வேண்டும், போர்க்கப்பலில் போக வேண்டும் என்ற கனவோடு இருக்கும் பிள்ளைக்கு ஜூனியர் கல்லூரி நேரடியாகக் கடற்படைக் கமிஷனோ விமானப்படைக் கமிஷனோ தராது. அவர்களுக்கு இரண்டாவது பாதை பொருந்தும். அல்லது நேராக நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் அந்தந்தப் படையின் ஆர்.ஓ.டி.சி.யில் சேர்வது நல்லது.

படி 2: குடியுரிமையைச் சரிபாருங்கள்

நம் குடும்பங்களில் நிறையப் பேருக்குத் திட்டம் முறிவது இந்த இடத்தில்தான். அதிகாரியாகக் கமிஷன் பெற அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் சிப்பாயாகச் சேரலாம், அதிகாரியாக முடியாது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வாசலும் இல்லை.

அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்குக் கவலையில்லை. இந்தியாவில் பிறந்து இங்கே வந்தவர் என்றால் கணக்குப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டின் குழந்தைக் குடியுரிமைச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை கிரீன் கார்டோடு பெற்றோருடன் வசிக்கும்போது அப்பாவோ அம்மாவோ குடியுரிமை பெற்றால், பிள்ளைக்கும் அது தானாக வந்துவிடும். பதினெட்டு தாண்டிவிட்டால் பிள்ளை தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே குடியுரிமைக்குத் தகுதி வந்த பிறகும் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் அப்பா, அம்மா இருந்தால், அந்த அடுத்த வருஷத்தில் பிள்ளைக்கு என்ன வயது என்று பாருங்கள்.

அப்புறம், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓ.சி.ஐ. வழங்கப்படாது என்பது இந்திய அரசின் விதி. பாட்டி வீட்டுக்கு இனி விசா எடுத்துப் போக வேண்டியிருக்கலாம். ஏற்கெனவே அட்டை வைத்திருக்கும் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதைத் துணைத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸாப் குழுவில் கேட்காதீர்கள்.

கமிஷனுக்கு ‘சீக்ரெட்’ நிலைப் பாதுகாப்பு அனுமதியும் தேவை. அதற்கான எஸ்.எஃப்.-86 என்னும் படிவம் நீளமானது. அதில் பெற்றோர், உடன்பிறந்தோர் பிறந்த இடமும் குடியுரிமையும், கடந்த ஏழு ஆண்டு வெளிநாட்டுப் பயணங்கள், நெருக்கமாகத் தொடர்பில் உள்ள வெளிநாட்டவர், வெளிநாட்டுச் சொத்து எல்லாவற்றையும் எழுத வேண்டும். மதுரையில் தாத்தா பேரன் பெயரில் எழுதி வைத்த அரை கிரவுண்டு நிலமும் இதில் வரும். உறவினர் வெளிநாட்டில் இருப்பதாலேயே அனுமதி மறுக்கப்படுவதில்லை, மறைத்தால்தான் வம்பு. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஊருக்குப் போன தேதிகளைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் மிகவும் உதவும்.

படி 3: நான்கு கல்லூரிகளையும் பாருங்கள்

நியூ மெக்சிகோ மிலிட்டரி இன்ஸ்டிடியூட், ராஸ்வெல் ஊரில் இருக்கிறது. ஆமாம், 1947-இல் பறக்கும் தட்டு விழுந்தது என்று இன்றுவரை பேசப்படும் அதே ராஸ்வெல். 1891-இல் தொடங்கியது, மாநில அரசின் ஆதரவில் நடப்பது. உயர்நிலைப் பள்ளியும் ஜூனியர் கல்லூரியும் ஒரே வளாகத்தில் உள்ளன, எல்லாக் கேடட்டுகளும் பேரக்ஸ் எனும் ராணுவ விடுதியில்தான் தங்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்து வீரர் ரோஜர் ஸ்டாபாக் இங்கே ஓராண்டு படித்துவிட்டுத்தான் கடற்படை அகாடமிக்குப் போனார். 1963-இல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். இரண்டாவது பாதைக்கு இதைவிட எளிதாக நினைவில் நிற்கும் எடுத்துக்காட்டு இல்லை.

மேரியன் மிலிட்டரி இன்ஸ்டிடியூட், அலபாமாவில் ஒரு சின்ன ஊரில். வேர் 1842-க்குப் போகிறது. 2006 முதல் அலபாமா மாநில சமுதாயக் கல்லூரிகளின் அமைப்பில் ஒன்று. பள்ளிப் பிரிவு இப்போது இல்லை. முழுக்கக் கல்லூரி மாணவர்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வளாகத்தில் இருக்க விரும்பாத கல்லூரி வயதினருக்கு இது பெரிய வசதி.

ஜார்ஜியா மிலிட்டரி காலேஜ், மில்லெட்ஜ்வில் ஊரில், 1879-இல் தொடங்கியது. இந்த ஊர் 1807 முதல் 1868 வரை ஜார்ஜியாவின் தலைநகர். பழைய தலைமைச் சட்டமன்றக் கட்டடம் இன்று கல்லூரியின் கையில். 1861-இல் ஜார்ஜியா மாநிலம் ஒன்றியத்தை விட்டுப் பிரிவதாக முடிவெடுத்தது இங்கேதான். இந்தக் கல்லூரிக்கு மாநிலம் முழுக்கக் கிளைகள் உண்டு. ஆனால் கேடட் படை மில்லெட்ஜ்வில் வளாகத்தில் மட்டும்தான். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது வேறு கிளையைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

வேலி ஃபோர்ஜ் மிலிட்டரி காலேஜ், பென்சில்வேனியாவில் வெய்ன் ஊரில், ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில். நான்கில் இது மட்டும் தனியார் நிறுவனம், ஆகவே கட்டணமும் அதற்கேற்ப. 1991 வளைகுடாப் போரில் கூட்டுப்படைகளை நடத்திய ஜெனரல் நார்மன் ஷ்வார்ட்ஸ்காஃப் இதன் பள்ளிப் பிரிவின் பழைய மாணவர்.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது. மிசூரியில் 1880 முதல் நடந்த வென்ட்வர்த் மிலிட்டரி அகாடமி 2017-இல் மூடப்பட்டது. பெயரும் பழமையும் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன். கல்லூரியின் நிதிநிலை எப்படி, மாணவர் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா, மண்டல அங்கீகாரம் எந்த நிலையில் இருக்கிறது என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். படிப்பின் நடுவில் கல்லூரி மூடினால் இ.சி.பி. கால அட்டவணை முழுக்கக் கலைந்துவிடும்.

படி 4: பதினோராம் வகுப்பிலேயே தொடங்குங்கள்

இ.சி.பி.க்கான குறைந்தபட்சத் தகுதி பயமுறுத்துவதாக இல்லை. உயர்நிலைப் பள்ளியில் சராசரி மதிப்பெண்ணான ஜி.பி.ஏ. 2.5, கல்லூரி நுழைவுத் தேர்வுகளில் எஸ்.ஏ.டி. என்றால் 920 அல்லது ஏ.சி.டி. என்றால் 19. நம் வீடுகளில் 1400-க்குக் கீழே வந்தால் சோறு இறங்காது என்பது வேறு விஷயம். இது வாசல் அளவு மட்டுமே. ஸ்காலர்ஷிப்புக்குப் போட்டி இருக்கும்போது இந்த எண்ணோடு நின்றால் போதாது.

உண்மையான தடை மருத்துவப் பரிசோதனை. பாதுகாப்புத் துறையின் மருத்துவ மதிப்பாய்வு வாரியத்தை எல்லோரும் ‘டாட்மெர்ப்’ என்றுதான் சொல்வார்கள். பதின்மூன்று வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாக மருத்துவக் குறிப்பில் ஒரு வரி இருந்தால் போதும், தகுதியில்லை என்று பதில் வரும். சளிக்காகக் குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர்கூடக் கேள்விக்கு உள்ளாகும். கடுமையான வேர்க்கடலை ஒவ்வாமை, அண்மைக் காலத்தில் எடுத்த ஏ.டி.எச்.டி. மாத்திரை, லேசர் கண் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகாதது, இவையும் அப்படியே. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் கடற்படைக் கனவுக்கு அது பெரிய தடை.

தகுதியில்லை என்று வந்துவிட்டால் கதை முடிந்ததாக நினைக்க வேண்டாம். விலக்கு கேட்கலாம், அதற்கு வேஷர் என்று பெயர். ஆனால் அதற்கு நுரையீரல் சோதனை, சிறப்பு மருத்துவர் கடிதம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே பரிசோதனைக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம். பழைய மருத்துவக் குறிப்புகளை முன்பே வாங்கிப் படித்துப் பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பல பெற்றோருக்கே தெரியாது.

உடல் தகுதிக்கு வருவோம். தரைப்படையின் தேர்வு 2025 ஜூன் முதல் ஏ.எஃப்.டி. என்ற புதிய வடிவில் நடக்கிறது. ஐந்து பகுதிகள். எடை மாட்டிய இரும்புக் கம்பியைத் தரையிலிருந்து மூன்று முறை தூக்குவது, ஒவ்வொரு முறையும் கையைத் தரையிலிருந்து விடுத்து எடுக்கும் தண்டால், ஓடி இழுத்துச் சுமந்து திரும்பும் பகுதி, பிளாங்க், இரண்டு மைல் ஓட்டம். ஒவ்வொன்றிலும் குறைந்தது 60 புள்ளி வேண்டும், மொத்தம் 300. ஓட்டத்தில் நன்றாக இருக்கும் நம் பிள்ளைகள் பலர் கம்பியைத் தூக்குவதில் திணறுவார்கள். ஜிம்மில் ஒரு பயிற்சியாளரிடம் முதுகு வளையாமல் தூக்கும் முறையை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 5: அகாடமி ஆயத்தப் பாதை

இங்கே சேர்பவர்களில் இரண்டு வகை உண்டு. விமானப்படை அகாடமிக்கு ஃபால்கன் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள், நூலிழையில் தவறிய விண்ணப்பதாரர்களுக்கு உதவித்தொகை கொடுத்து ஆயத்தப் பள்ளிகளுக்கு அனுப்பிவைக்கின்றன. கடற்படைக்கும் வெஸ்ட் பாயின்டுக்கும் இப்படியே அவரவர் அமைப்புகள் உண்டு. இப்படி ஆதரவோடு வருபவர்கள் ஒரு வகை. சொந்தக் காசில் வந்து முட்டிமோதுபவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினருக்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. அதைக் கட்டணம் கட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டில் படிப்பது கால்குலஸ், வேதியியல், ஆங்கிலம் என்று அகாடமியின் முதலாண்டுப் பாடங்களை ஒட்டியே இருக்கும். பள்ளியில் சி வாங்கிய பாடத்தில் இங்கே கல்லூரி அளவில் ஏ வாங்கிக் காட்டுவதுதான் தேர்வுக் குழுவுக்குச் சொல்லும் பதில். எஸ்.ஏ.டி.யை மறுபடி எழுதுவார்கள். அகாடமிகளின் உடல் தகுதித் தேர்வு வேறு. அதில் ஆறு பகுதிகள். முதலாவது, மண்டியிட்டபடி கூடைப்பந்தை ஒரு கையால் எவ்வளவு தூரம் எறிய முடியும் என்பது. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து பந்து எறிந்து பழகிய பையன்கள்கூட, கால் உதவாமல் எறியும்போது பந்து பக்கத்திலேயே விழுவதைப் பார்த்துத் திகைப்பார்கள். தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டிய ஒன்று.

அப்புறம் நாமினேஷன் எனும் பரிந்துரை. வெஸ்ட் பாயின்ட், கடற்படை, விமானப்படை அகாடமிகள் மூன்றுக்கும் இது இல்லாமல் நடக்காது. உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், துணை அதிபர் என்று நான்கு இடத்திலும் விண்ணப்பியுங்கள். ஜூனியர் கல்லூரியின் ஆர்.ஓ.டி.சி. பிரிவு வழியாகவும் பரிந்துரை பெற வழி உண்டு. இது இங்கே படிப்பதன் தனி லாபம். பல அலுவலகங்களில் கடைசித் தேதி இலையுதிர் காலத்திலேயே வந்துவிடும். ஆகஸ்டில் கல்லூரிக்குள் நுழைந்து, தலைமுடி வெட்டி, காலணியைத் தேய்க்கக் கற்றுக்கொண்டிருக்கும் அதே வாரங்களில் இந்த விண்ணப்பங்களும் போயாக வேண்டும். கோடையிலேயே கட்டுரைகளை எழுதி வைத்துவிடச் சொல்லுங்கள்.

ஒரு கணக்கு மறக்க வேண்டாம். அகாடமியில் இடம் கிடைத்தால் அங்கே மறுபடி முதலாண்டிலிருந்துதான் தொடக்கம். இங்கே படித்த பாடங்களால் சில வகுப்புகளைத் தவிர்க்கலாம், ஆண்டு குறையாது. மொத்தம் ஐந்தாண்டு. இ.சி.பி.யில் ஒப்பந்தம் போட்டுவிட்டு இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் நாளே, ஆர்.ஓ.டி.சி. பிரிவின் தலைவரான ராணுவ அறிவியல் பேராசிரியரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

படி 6: இ.சி.பி.யின் இரண்டு ஆண்டுகள்

ஆர்.ஓ.டி.சி. என்பது 1916-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தால் பிறந்த அமைப்பு. சாதாரணப் பல்கலைக்கழகத்தில் இது நான்காண்டுப் பாடம். முதலிரண்டு ஆண்டு அடிப்படை, அடுத்த இரண்டு ஆண்டு மேல்நிலை. ஜூனியர் கல்லூரியில் அடிப்படை இரண்டாண்டையும் ஒரு கோடைக்குள் சுருக்கிவிடுகிறார்கள். எப்படி என்றால், பள்ளி முடிந்த கையோடு கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும் பேசிக் கேம்ப். ராணுவத்தில் ஏற்கெனவே அடிப்படைப் பயிற்சி முடித்தவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

பேசிக் கேம்பில் துப்பாக்கி சுடுதல், கோபுரத்திலிருந்து கயிற்றில் இறங்குதல், கண்ணீர்ப்புகை அறைக்குள் முகமூடியைக் கழற்றிப் பெயரும் ஊரும் சொல்லிவிட்டு இருமிக்கொண்டே வெளியே ஓடிவருதல் எல்லாம் உண்டு. பலருக்கும் கடினமாக அமைவது காட்டில் வழி கண்டுபிடிப்பது. ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, ஒரு கோணமானி. ஜி.பி.எஸ். கிடையாது. நூறு மீட்டர் நடக்க உங்கள் இடது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று முன்கூட்டியே எண்ணி வைத்திருக்க வேண்டும். சமதரையில் ஒரு எண் வரும், மேட்டில் இன்னொரு எண், ஈரப் புதருக்குள் வேறு எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான், மரத்துக்குப் பின்னால் நிற்கும் ஒரு சின்னக் கம்பத்தைத் தேடிப் போக வேண்டும். வழிதவறினால் தேடிக் கண்டுபிடித்த கடைசிக் கம்பத்துக்குத் திரும்பி வந்து மறுபடி எண்ணுவதுதான் வழி. அவசரப்படும் பிள்ளைகள் இங்கேதான் தோற்கிறார்கள். வீட்டருகே பூங்காவில் நூறு மீட்டரை அளந்து எண்ணிப் பழகலாம். பைசா செலவில்லை.

கேம்ப் முடிந்து கல்லூரிக்குள் வரும்போது, வயதில் முதலாண்டு மாணவர், ராணுவப் பாடத்தில் நேராக மூன்றாம் நிலை. இந்த ஆண்டு முழுக்கச் சிறு குழுவை நடத்தக் கற்றுக்கொள்வது. ஒன்பது பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு உத்தரவு கொடுக்கும் முறை ஐந்து பத்திகள்: நிலைமை, பணி, செயல்முறை, தளவாடம், கட்டளையும் தொடர்பும். இந்த வரிசை தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். இதே ஆண்டில் ஒப்பந்தமும் கையெழுத்தாகும்.

முதலாண்டு முடிந்த கோடையில் மறுபடி ஃபோர்ட் நாக்ஸ், இந்த முறை அட்வான்ஸ்டு கேம்ப். ஒரு மாதத்துக்குச் சற்று மேல். நாடெங்கும் உள்ள ஆர்.ஓ.டி.சி. கேடட்டுகள் எல்லோரும் வருவார்கள். பெரும்பாலானோர் மூன்றாண்டு கல்லூரி முடித்த இருபத்தொரு வயதினர். உங்கள் பிள்ளைக்குப் பத்தொன்பது. முன்பின் தெரியாதவர்கள் நடுவில், முறை வரும்போது தலைவராக நின்று உத்தரவு போட வேண்டும், மதிப்பீட்டாளர் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பார். வயது வித்தியாசத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இ.சி.பி. கேடட்டுக்கு இருக்கும் ஒரே பலம், ஓராண்டு முழுக்கப் பேரக்ஸில் வாழ்ந்து பழகியிருப்பது.

இரண்டாம் ஆண்டு நான்காம் நிலை. இப்போது இவர்கள் இளையவர்களுக்குப் பயிற்சி திட்டமிட்டு நடத்த வேண்டும். மே மாதம் அசோசியேட் பட்டம், கூடவே கமிஷன்.

படி 7: ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள்

ஜூனியர் கல்லூரிகளுக்கான ஸ்காலர்ஷிப்புக்கு ஜி.ஆர்.எஃப்.டி. என்று பெயர், ரிசர்வ் படைப் பணிக்கான உத்தரவாதம் என்று பொருள். உத்தரவாதம் என்ற சொல்லில் மயங்க வேண்டாம். ரிசர்வோ தேசியக் காவல்படையோ உறுதி என்பதுதான் அதன் அர்த்தம். முழுநேர ராணுவ வாழ்க்கைதான் வேண்டும் என்ற பிள்ளைக்கு இந்தக் கையெழுத்து எதிர்த் திசையில் போகும். பின்னால் மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், எந்த விதிப்படி, எத்தனை பேர் அப்படி மாறினார்கள் என்று கேளுங்கள்.

இந்த ஸ்காலர்ஷிப்பில் படிப்புக் கட்டணம் அல்லது தங்கும் இடம், உணவுச் செலவு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மாநிலக் கல்லூரியில் உள்ளூர்க் கட்டணம் குறைவாக இருந்தால் தங்கும் செலவைத் தேர்வது லாபம். புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,200 டாலரும், பாடம் நடக்கும் மாதங்களில் 420 டாலர் படியும் தனி. கூடவே ஒரு ரிசர்வ் யூனிட்டில் சேர்ந்து மாதம் ஒரு வார இறுதி அங்கே போக வேண்டும். அந்த நாட்களுக்குச் சார்ஜென்ட் நிலைச் சம்பளம் கிடைக்கும்.

மறுபக்கம்: மொத்தம் எட்டு ஆண்டுக் கடமை. நடுவில் பிள்ளை விலகினாலோ, படிப்பிலோ ஒழுக்கத்திலோ தவறி நீக்கப்பட்டாலோ, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், அல்லது சிப்பாயாகப் பணிக்கு அழைக்கலாம். அம்மா அப்பாவுக்காகக் கையெழுத்துப் போடும் பிள்ளையும் உண்டு, அவர்களை மீறிப் போடும் பிள்ளையும் உண்டு. இரண்டுமே எனக்குக் கவலை தரும். பிள்ளை தனியாக அமர்ந்து அந்தத் தாள்களைப் படித்து, தன் வார்த்தையில் உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். சொல்ல முடியவில்லை என்றால் கையெழுத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை.

படி 8: பட்டை ஏறிய பிறகு

விளம்பரத் தாள்களில் கடைசிப் படம், தோளில் பட்டை குத்திவிடும் பெற்றோர். இ.சி.பி.யின் கடினமான பகுதி அந்தப் படத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கமிஷன் பெற்ற நாளிலிருந்து 36 மாதங்களுக்குள் இளநிலைப் பட்டம் முடிக்க வேண்டும். அதுவரை கிளைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். போலிக் என்று அழைக்கப்படும் அந்தப் பயிற்சி இல்லாமல் காலாட்படையா, பொறியாளர் பிரிவா, தளவாடமா என்று எதிலும் முழுத் தகுதி பெற்ற அதிகாரி ஆக முடியாது. சட்டப்படி, பட்டம் இல்லாதவர் ஃபர்ஸ்ட் லெப்டினென்டுக்கு மேல் ரிசர்வில் உயரவும் முடியாது.

இரண்டாண்டுப் படிப்பு பாக்கி, கையில் மூன்றாண்டு. போதும் போலத்தான் தெரியும். ஆனால் மாற்றிப் போகும் பல்கலைக்கழகம் எத்தனை கிரெடிட்டை ஏற்கும்? ராணுவ அறிவியல் பாடங்கள் பெரும்பாலும் விருப்பப் பாடக் கணக்கில்தான் போகும். பொறியியல் படிக்க நினைப்பவருக்கு இது பெரிய நெருக்கடி. முதலிரண்டு ஆண்டில் கால்குலஸ் வரிசையும் இயற்பியலும் முடிக்காமல் போனால், மீதி இரண்டாண்டில் பொறியியல் முடியாது. மூன்றாண்டிலும் மூச்சு வாங்கும். கம்ப்யூட்டர் சயன்ஸும் ஏறக்குறைய இப்படித்தான். வணிகம், வரலாறு, குற்றவியல், அரசியல் போன்றவை எளிதாகப் பொருந்தும். அலபாமாவில் ஒரு மாநில ஏற்பாடு, எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று முன்கூட்டியே காட்டிவிடும். வேறு மாநிலத்துக்குப் போவதாக இருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்திடமே பாட வாரியாக எழுத்தில் வாங்குங்கள்.

பணமும் யோசிக்க வேண்டியதே. ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப் கமிஷனோடு நின்றுவிடும். கடைசி இரண்டாண்டுக்கு யார் கட்டுவது? பல மாநிலங்கள் தங்கள் தேசியக் காவல்படையினருக்கு மாநிலப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் சலுகை தருகின்றன. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு மிக அதிகம். ஆகவே எந்த மாநிலத்தின் காவல்படை என்பதை, பட்டம் முடிக்கப்போகும் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து முடிவெடுக்க வேண்டும். ஆஸ்டினில் படிப்பு, அலபாமாவில் யூனிட் என்று மாட்டிக்கொண்டால் மாதந்தோறும் விமானச் செலவு. தவிர, கிளையும் பெரும்பாலும் அந்த யூனிட்டில் காலி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. வீட்டுப் பக்கத்தில் போக்குவரத்து யூனிட் மட்டும்தான் இருக்கிறது என்றால் காலாட்படை ஆசையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டியதுதான்.

லாபமும் கணிசம். இருபது வயதில் லெப்டினென்ட் சம்பளக் கணக்கு தொடங்கிவிடும். நான்காண்டு ஆர்.ஓ.டி.சி.யில் போன நண்பன் கமிஷன் வாங்கும்போது, இவருக்கு இரண்டாண்டு பணிமூப்பு ஏற்கெனவே இருக்கும். சம்பள அட்டவணையில் அது நேரடியாகத் தெரியும்.

பேரக்ஸ் வாழ்க்கை, சாப்பாடு

அதிகாலை எழுச்சி, அணிவகுப்பு, அறைச் சோதனை, அணியாக நடந்து போய்ச் சாப்பிடுவது, மாலையில் கட்டாயப் படிப்பு நேரம், விளக்கணைப்பு. முதல் பருவத்தில் கைபேசிக்கும் வெளியே போவதற்கும் கட்டுப்பாடு இருக்கும். ராஸ்வெல்லில் புதியவர்களை ‘ராட்’ என்பார்கள். தினமும் வீடியோ காலில் முகம் பார்த்துப் பழகிய அம்மாக்களுக்கு முதல் சில வாரங்கள் கஷ்டம்தான், பிள்ளைக்கு அதைவிடக் குறைவு.

சைவம் என்றால் உணவுக்கூடத்தில் சமாளிக்கலாம். காட்டுப் பயிற்சியில் தரும் எம்.ஆர்.இ. எனும் ஆயத்த உணவுப் பொட்டலங்களில் 24 வகைக்கு நான்குதான் சைவம். பெட்டியைப் பிரித்ததும் அசைவக்காரர்களும் அவற்றில் ஒன்றைத் தூக்கிவிடுவார்கள். குழுத் தலைவரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஊறுகாய்ப் பாக்கெட் அனுப்பலாமா என்று கேட்டால், அறைச் சோதனை விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

நேரில் போகும்போது கேட்க வேண்டியவை

வளாகத்தைச் சுற்றிக்காட்டும் அலுவலர் சீருடையையும் அணிவகுப்பையும் காட்டுவார். அதெல்லாம் முடிந்த பிறகு, ராணுவ அறிவியல் துறையில் ஒரு மணி நேரம் கேளுங்கள். கடந்த ஆண்டு இ.சி.பி.யில் ஒப்பந்தமிட்டவர்களில் எத்தனை பேர் கமிஷன் பெற்றார்கள்? கமிஷன் பெற்றவர்களில் எத்தனை பேர் 36 மாதத்துக்குள் பட்டம் முடித்தார்கள்? முடிக்காதவர்கள் என்ன ஆனார்கள்? ஆயத்த ஆண்டில் சொந்தக் காசில் வந்தவர்களில் எத்தனை பேருக்கு அகாடமி இடம் கிடைத்தது, ஆதரவோடு வந்தவர்களைச் சேர்க்காமல்? முதலாண்டில் வீட்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்? கால்குலஸ் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் ஒவ்வொரு ஆண்டும் நடத்தப்படுகின்றனவா, நடத்துபவர் யார்? பெண் கேடட்டுகள் எத்தனை பேர், அவர்களின் பேரக்ஸில் இரவில் பொறுப்பில் யார்?

சில எண்கள் உடனே கையில் இருக்காது. மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு உங்கள் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு நீங்கள் காருக்குப் போய்விடுங்கள். பெரியவர்கள் இல்லாதபோதுதான் இரண்டாம் ஆண்டு கேடட்டுகள் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.